ஓர் அடி விட்டு ஓர் அடி அடித்த பவர் ஹேமர்

பல பூச்சு பெயின்டைச் சுரண்டிய பிறகுதான் ‘லிட்டில் ஜயன்ட், மேன்கேட்டோ’ என்ற வார்ப்பெழுத்து தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் செய்த பவர் ஹேமர், அதாவது மோட்டாரில் ஓடி இரும்பை அடிக்கும் பட்டறைச் சுத்தியல்; அடிக்கும் தலை 50 பவுண்டு. மெதுவாக ஓட்டினால் ஒழுங்கு. வேகம் கூட்டினால் ஓர் அடி விட்டு ஓர் அடி, அதுவும் சொத்தையாக.

பெல்ட் மாற்றினேன், கிளட்சைத் துடைத்தேன். ஸ்பிரிங்கை இறுக்கியதில் இன்னும் மோசம். நான்கு நாள் போனது.

மோட்டாரை அணைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கிராங்க் (சுற்றித் தலையை ஏற்றி இறக்கும் பகுதி) அடிமட்டத்துக்கு வந்தபோது, தலையில் மாட்டிய அடிக்கும் கட்டையான மேல் டை, கீழ் டையில் ஒட்டிக்கிடந்தது. அதுவரை கிராங்க் எங்கே நிற்கிறதென்று பாராமல் இடைவெளி அளந்ததுதான் தப்பு. இடைவெளி இல்லாவிட்டால் ஸ்பிரிங் தலையை வீசி எறிய இடமே கிடையாது. தலைக்கடியில் மரக்கட்டை கொடுத்து, கனெக்டிங் ராடைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கிராங்க் அதே அடிமட்டத்தில் நிற்க, டைகளுக்கிடையே முக்கால் அங்குலம் விட்டேன். ஸ்பிரிங்கைப் பழையபடி தளர்த்தி, தலை ஓடும் தடத்தில் கெட்டிப்பட்ட கிரீஸைத் துடைத்து எண்ணெய் விட்டேன். இப்போது ஓர் அடியும் தப்புவதில்லை.