பதற்றம், மனச்சோர்வு: நடப்பதா, ஓடுவதா?

பதற்றத்துக்கு உடற்பயிற்சி நல்லது என்று டாக்டர் சொல்லிவிடுவார். எவ்வளவு வேகத்தில் என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்திருப்பார். அதை நாமே பார்த்துவிடலாம்.

1. முதலில் வேகத்தை அளக்கப் பழகுங்கள். நடந்துகொண்டே பாட முடிந்தால் லேசான பயிற்சி. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமானது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. வாட்ச் காட்டும் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். படபடப்புக்கு ப்ரோப்ரனோலால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

2. உங்கள் தொல்லை பதற்றமா, சோர்வா? பதற்றம் என்றால் மெதுவாகவே தொடங்கலாம். ஸ்வீடனில் பதற்ற நோயாளிகள் 286 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. மெதுவாகச் செய்தவர்கள், வேகமாகச் செய்தவர்கள் இரு தரப்பினருக்குமே, அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகள் குறைந்தன. மனச்சோர்வில் கணக்கு கொஞ்சம் வேறு. 218 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2024-ஆம் ஆண்டு அலசலில், கடுமை கூடக் கூடப் பலனும் கூடியது. ஆனால் நடையும் யோகாவும் அதிலும் பலன் தந்தன. படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கிறவரிடம் 'ஓடு' என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

3. முதல் இரண்டு வாரம்: வாரத்துக்கு மூன்று நாள், பத்துப் பத்து நிமிட நடை. அவ்வளவுதான்.

4. அப்புறம் தெருவிளக்குக் கம்பங்களை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பத்திலிருந்து அடுத்ததுவரை விறுவிறு நடை, அதற்கடுத்ததுவரை சாவகாசம். திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கு இந்த இடம்தான் சிக்கல். நெஞ்சு அடித்துக்கொள்வதும் வியர்ப்பதும் பீதி வந்ததுபோலவே இருக்கும். உடனே உட்கார்ந்துவிடாமல் மெதுவாக நடந்தபடி துடிப்பு இறங்குவதைக் கவனியுங்கள். ஏறியது தானாக இறங்குகிறது என்று பலமுறை பார்த்தபின் படபடப்பின் மீதுள்ள பயம் தணியும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

5. நடைக்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டில் மார்க் போடுங்கள். அன்றைய தூக்கத்தையும் குறியுங்கள். இரண்டு வாரம் ஒரே வேகம், பிறகு இரண்டு வாரம் அடுத்த வேகம். தினமும் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நோட்டும் நடையும் இருக்கட்டும். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.