உதுமானிய வணிகவழிச் சச்சரவுகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு ஒன்றிரண்டு மாறுவதும் பெயரில் எழுத்துப்பிழை வருவதும் திருத்திக்கொள்ளக் கூடியவை. கீழே உள்ளவை வாதத்தையே சாய்த்துவிடும்.

"1453இல் துருக்கியர் வழியை அடைத்தனர்"

ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடியதற்குக் காரணமாகப் போட்டித் தேர்வுக் குறிப்புகளில் இன்னும் உயிரோடிருக்கும் வரி. எந்த வழி என்று கேட்டால் பதில் வராது. மலபார் மிளகு செங்கடல் வழியே கெய்ரோ போய், அலெக்சாண்டிரியாவில் வெனிஸ் கப்பல்களில் ஏறியது. 1453இல் எகிப்து மம்லுக் சுல்தான்களிடம் இருந்தது. உதுமானியத் துருக்கியர் அதைப் பிடித்தது 1517இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து 19 ஆண்டுகள் கழித்து!

கான்ஸ்டாண்டிநோபிளிலும் கதவு மூடப்படவில்லை. உதுமானியரிடம் நகரம் விழுந்தது 1453 மே 29. ஜூன் 1ஆம் தேதியே, நகரத்துக்கு எதிர்க்கரையில் இருந்த கலாட்டாவின் ஜெனோவா வணிகர்களுக்கு உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் உரிமைப் பத்திரம் கொடுத்தார். 1454 ஏப்ரலில் வெனிசுக்கும் வணிக உரிமை கிடைத்தது, 2 சதவீதச் சுங்கத்தில். சுங்கத்தால் கஜானா நிரம்பும்போது கடைத்தெருவை யார் பூட்டுவார்? போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போனது மம்லுக் வரியையும் வெனிசின் ஏகபோகத்தையும் தவிர்க்கத்தான். எகிப்து உதுமானியர் கைக்கு வந்தபின், 16ஆம் நூற்றாண்டின் நடுவில், செங்கடல் வழியே மிளகு மறுபடி தாராளமாக வந்தது.

'அடைத்தனர்' என்று எழுதியே தீரவேண்டுமானால் கருங்கடலைப் பற்றி எழுதுங்கள். 1475இல் அங்கிருந்த ஜெனோவாவின் காஃபா துறைமுகம் உதுமானியரிடம் பறிபோனது. பிறகு மெல்ல மூடிய அந்தக் கடல், 1774இல் குச்சுக் கைனார்ஜி உடன்படிக்கையால்தான் ரஷ்ய வணிகக் கப்பல்களுக்குத் திறந்தது.

சலுகையை நிரந்தர உரிமை என்று எண்ணுவது

வெளிநாட்டு வணிகர்களுக்குச் சலுகை தரும் 'அஹ்த்நாமே' சுல்தான் அருளிய பத்திரம். அவர் மறைந்தால் அடுத்தவர் புதுப்பிக்க வேண்டும். தூதர்களின் இழுபறி பெரும்பாலும் அப்போதுதான். நடத்தை கெட்டால் இடையிலேயே பறிபோகும். 1580இல் மூன்றாம் முராத் இங்கிலாந்துக்குச் சலுகை தந்தார். மறு ஆண்டே 'பார்க் ரோ' என்ற ஆங்கிலக் கப்பல் கிரேக்கக் கப்பல்களைக் கொள்ளையடித்தது, சலுகை ரத்து. போட்டியாளரான பிரெஞ்சுத் தூதருக்கு வேறென்ன வேண்டும்! 1583இல் வில்லியம் ஹார்போர்ன் தூதராகத் திரும்பிவந்துதான் அதை மீட்டார்.

கொடியை மறப்பது

சொந்தச் சலுகை இல்லாத நாட்டார் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் வரவேண்டும் என்றது பிரான்ஸ். யார் கொடியோ, தூதரகக் கட்டணம் அவர்களுக்கு. டச்சு வணிகர்களுக்காகப் பிரான்சும் இங்கிலாந்தும் மோதியது இந்தக் காசுக்காகத்தான். 1612இல் டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று சலுகை வாங்கிக்கொண்டார்கள்.

1536

பிரான்சுக்கு 1536இல் சலுகை கிடைத்தது என்பார்கள். அது வரைவோடு நின்றது. பிரெஞ்சுச் சலுகைக்கு 1569 என்று எழுதுங்கள்.