காற்றை நிறுத்தவும் பழகுங்கள்

சென்ற மாதம் யாழ் நகரில் ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியடியில் நின்றேன். புதிதாகச் சேர்ந்த தம்பி, சேறு அடியில் படிய விடும் அடையல் தொட்டியில் மண்ணிறச் சேறு கட்டிகட்டியாக மிதப்பதைக் காட்டினார். "காற்றுப் போதவில்லை அண்ணை, காற்று ஊதும் இரண்டாவது புளோவரையும் போட்டுவிட்டேன்." வேலை பழகிய காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். புதியவர்கள் விடும் இப்படியான பிழைகள் கீழே.

சேறு மிதந்தால் காற்றைக் கூட்டுவது

மிதக்கும் கட்டியைக் குச்சியால் உடைத்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு குமிழிகள் வெளிவரும். அது நைதரசன் வாயு. கழிவுநீரில் இருந்த அமோனியா முழுவதும், காற்று ஊதும் முன் தொட்டியில் நைத்திரேற்றாகிவிட்டது. அடையல் தொட்டியில் ஒட்சிசன் தீர்ந்ததும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலிருந்து அதைப் பிடுங்கி, வாயுவை விடுகின்றன. முன் தொட்டியிலேயே, காற்றை நிறுத்தி, முடிந்திருக்க வேண்டிய வேலை இது. மேலும் ஊதினால் நைத்திரேற்று குறையாது, மின்கட்டணம் ஏறும்.

ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க ஏறக்குறைய 4.57 கிராம் ஒட்சிசன் வேண்டும். அதை வாயுவாக்கும் பற்றீரியாக்கள், 2.86 கிராம் ஒட்சிசன் செய்யக்கூடிய அளவு அழுக்கைக் காற்றில்லாமலே தின்று தீர்க்கும். இரவும் பகலும் ஊதுகிறவர் கையில் வந்ததை உதறுகிறார்.

நான் மூன்று மாதம் அப்படி ஊதினேன். அமோனியா பூச்சியம் என்று பரிசோதனைத் தாளை எல்லோருக்கும் காட்டினேன். நைத்திரேற்றை அளக்கவே இல்லை. நீர் ஊறுகுழிக்குள் இறங்கியது. கீழே வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். அதில் நைத்திரேற்று தங்காது, அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போகும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் நிறமில்லை, மணமில்லை. அந்தக் கிணற்றில் அள்ளிக் குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்க்கு எப்படித் தெரியும்? இன்றும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது டைமர் வைத்து ஊதுவதும் நிறுத்துவதுமாக ஓட்டுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கி, அமோனியா, நைத்திரேற்று இரண்டையும் அளந்து மாற்றுவேன்.

கலக்கியையும் சேர்த்து நிறுத்துவது

காற்று நிற்கும்போது தண்ணீரைக் கலக்கும் இயந்திரத்தையும் நிறுத்தினால் சேறு அடியில் படுத்துவிடும். வேண்டாம்.

பட்டினி போட்டு வேலை வாங்குவது

நைத்திரேற்றை உடைக்கும் பற்றீரியாவுக்குக் காபன் உணவு வேண்டும். புதுக் கழிவுநீரைக் காற்று ஓடும்போது விட்டால் அந்த உணவு வீணாக எரிந்துபோகும். காற்று நின்ற நேரத்தில் விடுங்கள்.

அனமொக்ஸ் ஆசை

அமோனியாவைக் காற்றில்லாமலே நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியா முறை இது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 2002 முதல் ஓடுகிறது. சேற்றைப் பிழிந்தெடுத்த, அமோனியா செறிந்த வெதுவெதுப்பான நீருக்கு. விடுதித் தொட்டிக்கு டைமர் போதும்.