பலர் பணத்தில் ஒரு கட்டடம்: பங்கு சேரும் முன்

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு கிடங்கில் பங்கு தருகிறோம், வாடகைப் பணம் வீடு தேடி வரும் என்று யாராவது சொன்னால், முதலில் அத்திட்டம் செபியில் (பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவானதா என்று செபியின் இணையதளத்திலேயே பாருங்கள். 2024 மார்ச்சில் வந்த சிறு, நடுத்தர ரீட் (பலர் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை) விதிகளின்படி சொத்தின் மதிப்பு குறைந்தது 50 கோடி ரூபாயாகவும், ஒருவரின் முதலீடு குறைந்தது 10 லட்சமாகவும் இருக்க வேண்டும். ஆகவே, இந்த வகைத் திட்டத்துக்கு ஒரு லட்சம் போதும் என்று அழைப்பவரை நம்ப வேண்டாம். (பங்குச்சந்தையில் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும் பெரிய ரீட் அலகுகள் வேறு.)

தனியாளாக வாங்க முடியாத கட்டடத்தில் பங்கு கிடைப்பதும், வாடகை வசூலிக்கும் அலைச்சல் இல்லாததும் உண்மையான நன்மைகளே. ஆனால் மகளின் திருமணத்துக்காக அவசரமாக விற்கப் போனால், வாங்க ஆள் கிடைப்பது எளிதன்று. இதையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். போச்சம்பள்ளியில் மாந்தோப்பை விற்ற பணம் முழுவதையும் இதில் போட்டுவிடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள்: ஒரே வாடகைதாரர்தானா, எத்தனை ஆண்டுகளுக்குக் காலி செய்ய முடியாது, பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பாருங்கள். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, வில்லங்கச் சான்றை நீங்களே எடுத்து, பட்டாவில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள்.