மல்லாந்து படுக்கலாமா? கர்ப்பிணிகளுக்கும், ஆய்வுச் செய்தி படிப்பவர்களுக்கும்

"கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்து 2.6 மடங்கு." இப்படி ஒரு செய்தி வாட்ஸப்பில் வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அந்த எண் உண்மையான ஆய்விலிருந்து வந்ததுதான். அதைச் சரியாகப் படித்தால் பாதி பயம் போய்விடும். முதலில் படுக்கையைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் எண்ணுக்கு வருவோம்.

1. வாரத்தைப் பாருங்கள்

ஆய்வுகள் இந்த ஆபத்தைக் கண்டது 28 வாரத்துக்குப் பிறகுதான். அப்போது மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துகிறது. கால், இடுப்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் வழி அது. அங்கே வரத்து குறைந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் குறையலாம். சிலருக்கு மல்லாந்ததும் தலை சுற்றுவது இதனால்தான்.

2. ஒருக்களித்துப் படுங்கள்

முழங்கால்களை லேசாக மடக்கி, நடுவில் ஒரு தலையணை. வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய புடவை போதும். முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையை ஒட்டி வையுங்கள். தூக்கத்தில் புரண்டாலும் முழுக்க மல்லாந்துவிடாமல் அது தாங்கும். பகல் தூக்கத்துக்கும் இதேதான்.

3. நடுராத்திரியில் மல்லாந்திருந்தால்

திரும்பிப் படுங்கள், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் முக்கியமாகக் கேட்டது தூங்கத் தொடங்கும்போது எப்படிப் படுத்தீர்கள் என்பதைத்தான். "எழுந்து உட்கார்ந்துதான் திரும்பணும், இல்லாட்டி கொடி சுத்திக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். கொடி சுற்றுவது குழந்தை உள்ளே அசைவதால். நீங்கள் புரள்வதால் அல்ல. உட்கார்ந்து திரும்புவது முதுகுக்கு இதமாக இருந்தால் செய்யுங்கள், பயந்து செய்ய வேண்டாம்.

4. 'எத்தனை மடங்கு' என்றால் 'எதில்?' என்று கேளுங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான படி. 2011-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வு வந்தபோது 'ஆபத்து இரண்டு மடங்கு' என்றுதான் பேச்சு. உள்ளே இருந்த கணக்கு இது: இடது பக்கம் படுத்துத் தூங்கியவர்களில் 1000-க்குச் சுமார் 2 பேர் கடைசி மாதங்களில் குழந்தையை இழந்தார்கள், மற்ற விதங்களில் படுத்தவர்களில் சுமார் 4 பேர். இரண்டு மடங்குதான், ஆனால் 1000-இல் 996 பேருக்கு அது நடக்கவில்லை. கூடுதலாகப் போன அந்த இரண்டு குழந்தைகளும் முக்கியம் என்பதால்தான் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறோம்.

5. யாரிடம், எப்போது கேட்டார்கள்?

ஆக்லாந்தில் குழந்தையை இழந்த தாய்மாரிடம், இழப்புக்குச் சில வாரங்கள் கழித்துக் கேட்டார்கள். துக்கத்தில் இருப்பவர் அந்த இரவைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருப்பார். நினைவு கொஞ்சம் மாறலாம். இவ்வகை ஆய்வின் பலவீனம் இது. ஆனால் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் எனப் பல இடங்களின் தரவைச் சேர்த்து 2019-இல் பார்த்தபோதும் மல்லாந்து படுப்பதில்தான் ஆபத்து கூடியிருந்தது. அந்த 2.6 இங்கிருந்து வந்ததுதான். நல்ல செய்தியும் அதிலேயே உண்டு: இடது, வலது இரண்டும் ஒன்றுபோலத்தான். வலது பக்கம்தான் வசதி என்றால் தாராளமாகப் படுங்கள்.

6. எதிரான ஆய்வு வந்தால்

அதே 2019-இல் அமெரிக்காவில் 8,700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் முன்கூட்டியே கேட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு, படுக்கும் விதத்தால் வித்தியாசம் இல்லை என்றது. முரண்போலத் தோன்றும். அது பார்த்தது 30-ஆவது வாரம் வரையிலான தூக்கத்தை. மற்றவை பார்த்தது 28-க்குப் பிந்தையதை. முதல் ஆறு மாதம் மல்லாந்து படுத்ததை நினைத்து வருந்துபவர்கள் இதைப் படித்து நிம்மதி அடையலாம்.

7. அசைவு குறைந்தால்

வழக்கமாக உதைக்கும் குழந்தை அசைவைக் குறைத்துக்கொண்டால் படுக்கும் பக்கத்தை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.