கடலோரத் தொண்டு நிறுவனத்துக்கு ஆள் தேடுகிறீர்களா?

பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்யத் தகுதியான ஆள் வேண்டுமா? வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். சோத்கங்கா தளத்தில் மன்னார் வளைகுடா, கடல்பாசி என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகவே கிடைக்கும். அவற்றை எழுதியவர்களில் ஆள் தேடுங்கள். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அங்கே படித்தவர்களையும் பாருங்கள்.

ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தை அவசியம் படியுங்கள். களத்தில் கூடவே அலைந்து உதவிய உள்ளூர்ப் பிள்ளைகளின் பெயர் பல நேரம் அதில்தான் இருக்கும். என்னைக் கேட்டால், அவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். பாசிக்குப் போகிற நாளும் நேரமும் அவர்களுக்குத் தெரியும், ஊரும் அவர்களை நம்பும். அப்புறம், சம்பளம் எவ்வளவு என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.