சோடியாக் வழக்கைத் துருவத் தொடங்குமுன்

துப்புத் துலங்காத கொலை வழக்கொன்றில் ஆர்வத்தால் இறங்குபவர், கொலையாளி யார் என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, சரியா தவறா என்று பிறரும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 1968 டிசம்பர் முதல் 1969 அக்டோபர் வரை வட கலிஃபோர்னியாவில் ஐந்து பேரைக் கொன்ற, சோடியாக் என்ற புனைபெயர் கொண்ட தொடர்கொலையாளி இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. ஆனால் அந்த வழக்கில் உருப்படியாக ஏதேனும் செய்த அமெச்சூர்கள் எல்லோரும் இப்படித் தொடங்கியவர்களே.

1969 ஜூலை 31 அன்று அவன் மூன்று நாளிதழ்களுக்கு மூன்று பகுதிகளாக அனுப்பிய, 408 குறிகளால் ஆன சங்கேதச் செய்தியை, சலினாஸ் நகரப் பள்ளி ஆசிரியர் டொனால்ட் ஹார்டனும் அவர் மனைவி பெட்டியும் சில நாட்களிலேயே படித்துவிட்டனர். ஓர் எழுத்துக்குப் பல குறிகள் இருந்ததால், எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கைக் கணக்கு உதவவில்லை. இவ்வளவு தற்பெருமை கொண்டவன் ‘நான்’ என்றுதான் தொடங்குவான், கொல்வதற்கான ஆங்கிலச் சொல்லான ‘கில்’ கட்டாயம் வரும், அதில் ‘எல்’ இரட்டிக்கும் என்று பெட்டி ஊகித்தார். அந்த இரட்டைக்குப் பொருந்தும் குறிகளைத் தேடியபோது பூட்டு திறந்தது. நவம்பரில் வந்த 340 குறிகளோ 51 ஆண்டுகள் காத்திருந்தன. அவற்றை மூலைவிட்டமாகப் படிக்க வேண்டும் என்பதை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூவர், இலட்சக்கணக்கான வாசிப்பு வரிசைகளைக் கணினியில் ஓட்டி 2020 டிசம்பரில் கண்டறிய, எஃப்.பி.ஐ. அதை உறுதிசெய்தது. இரண்டிலும் கொலையாளியின் பெயர் இல்லை என்பது வேறு கதை.

பெயரிலிருந்து தொடங்குபவருக்கு எல்லாமே பொருந்திப்போகும். பல ஆண்டுகள் சந்தேகிக்கப்பட்டு 1992-இல் இறந்த ஒருவருடைய கைரேகையும், 2002-இல் ஒப்பிடப்பட்ட டிஎன்ஏவும் பொருந்தவில்லை. அவர்தான் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆகவே, எது தெரியவந்தால் இந்தச் சந்தேகத்தைக் கைவிடுவேன் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றும் தோன்றவில்லையென்றால், உங்களைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னார், எப்போது சொன்னார், பின்னர் அது திருத்தப்பட்டதா என்று தனித்தனியே குறியுங்கள். 1969 அக்டோபர் 11 இரவு சான் பிரான்சிஸ்கோவில் டாக்சி ஓட்டுநர் ஒருவரை சோடியாக் சுட்டபோது, தேடப்படுபவர் கறுப்பினத்தவர் என்று காவல்துறை வானொலியில் தவறாகச் சொல்லப்பட்டது; வெள்ளையர் என்று அது திருத்தப்படுவதற்குள், அருகே நடந்துசென்ற வெள்ளையர் ஒருவரைக் காவலர்கள் போகவிட்டனர். முதல் தகவலை மட்டும் வைத்திருப்பவரும், திருத்தத்தை மட்டும் வைத்திருப்பவரும் அன்றிரவு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

உயிர் தப்பியவர்களையோ, இறந்தோரின் குடும்பத்தாரையோ தொலைபேசியில் அழைக்காதீர்கள். சந்தேக நபரின் பெயரைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். கிடைத்ததை ஒரே பக்கத்தில் எழுதி, எந்தச் சம்பவத்தைச் சார்ந்ததோ அந்த எல்லைக்குரிய காவல்துறைக்கு அனுப்புங்கள். சொலானோ, வலெஹோ, நாப்பா, சான் பிரான்சிஸ்கோ என்று இந்த வழக்கு நான்கு எல்லைகளில் சிதறிக்கிடக்கிறது. நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராமலும் போகலாம். மறுபடி எழுதுவதென்றால் கையில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்.